கோழிக்கு நோவு வருதுன்னு முதல் நாளே கண்டுபிடிக்கிறது எப்படி

நம்ம பர்மாவுல ரங்கூன் ஓரத்துலயும் பெகு பக்கத்து ஊருங்கள்லயும் நம்ம ஆளுங்க கொல்லையில கோழி வளர்க்குறாங்க, முட்டைக்குன்னு வளர்க்குறவங்க இருக்காங்க, சாமிக்கு நேர்ந்து விட்ட சேவலை வளர்க்குறவங்களும் இருக்காங்க, ஆனா ஒண்ணு சாயுற வரைக்கும் யாரும் உத்துப் பாக்குறதில்ல. அப்புறம் "நேத்துகூட நல்லாத்தானே மேஞ்சுச்சு"ன்னு சொல்றது. கோழி நோவை மறைக்கும்ங்க, துவண்டுட்டா கூட இருக்குறதுங்களே கொத்தி விரட்டும், அதனால முடிஞ்ச மட்டும் நிமிந்து நிக்கும். ரெக்கையைத் தொங்கப் போட்டுத் தூங்கி விழ ஆரம்பிச்சா நோவு ஏற்கனவே முத்திருக்கும்.

அதனால காலையில கூண்டைத் திறக்குற நேரத்தை விடாதீங்க. தீனியைக் கொட்டிட்டு உள்ள போயிடாம கொஞ்ச நேரம் நில்லுங்க, எப்பவும் முதல்ல ஓடி வர்றது இன்னைக்குப் பின்னாடி நிக்குதா, இல்ல வந்து கொத்துற மாதிரி கொத்திட்டு நெல்லைக் கீழயே விடுதான்னு பாருங்க, இந்தப் பாவலா காட்டுறதுதான் ரொம்பப் பேர் கண்ணுல படாம போறது. சந்தேகம் வந்தா பிடிச்சிடுங்க.

பிடிச்சதும் கழுத்தடியில இரைப்பையைத் தொடுங்க. ராத்திரி செரிச்சு காலையில காலியா இருக்கணும், தின்னுறதுக்கு முன்னாடியே கெட்டியா நிறைஞ்சு இருந்தா அடைச்சிருக்கு, தளதளன்னு இருந்து வாயில புளிச்ச வாடை அடிச்சா உள்ள கெட்டுப் போயிருக்கு. சாயங்காலம் அடையும்போது நிறைஞ்சிருக்கணும், காலியா இருந்தா அன்னைக்கு அது சரியா தின்னலைன்னு அர்த்தம். அப்படியே நெஞ்செலும்பைத் தடவுங்க, ரெண்டு பக்கமும் சதை இல்லாம எலும்பு கூரா தட்டுப்பட்டா நாள்பட்ட விஷயம், வயித்துப் பூச்சியா இருக்கலாம். இறகு மூடியிருக்கிறதால கண்ணுக்குத் தெரியாது, கை வச்சாத்தான் தெரியும். உடம்பு சுடுதேன்னு மட்டும் காய்ச்சல்னு முடிவு பண்ணாதீங்க, நல்ல கோழிக்கே 41 டிகிரி செல்சியஸ் கிட்ட இருக்கும்.

அடுத்தது எச்சம். அடையிற இடத்துக்குக் கீழ பழைய சாக்கு விரிச்சு வச்சா காலையில எல்லாம் அதுல இருக்கும். நல்ல எச்சம் பழுப்பா, மேல கொஞ்சம் வெள்ளையோட இருக்கும். எட்டு பத்துக்கு ஒண்ணு கொழகொழன்னு ஒட்டுற மாதிரி நாத்தமா வரும், அதுவும் சரியானதுதான், பயப்படாதீங்க. பச்சைப் பசேல்னு தண்ணியா போனா முதல்ல புல்லு கீரை நிறைய தின்னுச்சான்னு யோசிங்க, அப்படி இல்லைன்னா பட்டினி கிடக்கு, இல்ல ராணிக்கெட், அதாவது வெள்ளைக்கழிச்சல் ஆரம்பம். குஞ்சுங்க மூணு வாரத்துலேர்ந்து ரெண்டு மாசத்துக்குள்ள ரத்தமா கழிஞ்சா காக்சிடியோசிஸ், அதாவது ரத்தக்கழிச்சல் நோவா இருக்கும், மழைக்காலத்துல ஈரத் தரையில வேகமா பரவும், அம்ப்ரோலியம்ங்கிற மருந்தை வாங்கி பாக்கெட்ல சொன்ன அளவுக்குத் தண்ணியில கலந்து அன்னைக்கே குடுங்க, நாளைக்குப் பாக்கலாம்னு விட்டா குஞ்சு மிஞ்சாது.

ராத்திரி எல்லாம் அடங்கினதுக்கு அப்புறம் டார்ச்சை அணைச்சிட்டு கூண்டு பக்கத்துல சும்மா நின்னு கேளுங்க. நல்ல கோழிங்க சத்தமில்லாம தூங்கும். கர் கர்னு சளிச் சத்தம், தும்மல் கேட்டா எதுன்னு பாத்து காலையில பிரிச்சிடுங்க, பகல் இரைச்சல்ல இதெல்லாம் கேக்காது. சித்திரை வெயில்ல மத்தியானம் வாயைத் திறந்து இரைக்கிறது சூட்டுனால, ஆனா விடியக்காலை குளுமையில இரைச்சா நோவு. கண்ணுல நுரை, முகத்துல வீக்கம், மூக்குல கெட்ட வாடை இருந்தாலும் அப்படித்தான்.

கொண்டை வெளிறிப் போனா கூண்டு மூங்கில் இடுக்கை ராத்திரியில பாருங்க, சிவப்பு உண்ணி பகல்ல அங்கதான் ஒளிஞ்சிருந்து ராத்திரி ரத்தம் குடிக்கும். கொண்டையில மரு மாதிரி வந்தா அம்மை, கொசுவால பரவுது, வாய்க்குள்ள வராத வரைக்கும் பெரும்பாலும் பிழைச்சுக்கும். ஆனா அடைக்கோழியைப் பாத்து ஏமாந்துடாதீங்க, அதுவும் தின்னாம உப்பிக்கிட்டு கொண்டை வெளிறிக் கிடக்கும், ஒரே இடத்துல பெரிய நாத்த எச்சமா போடும், கையைக் கிட்ட கொண்டு போனா சீறும், நோவுக் கோழிக்குச் சீறத் தெம்பு இருக்காது.

சந்தேகப்பட்டதை உடனே தனியா பஞ்சாரத்துல போட்டு தண்ணிச் சட்டியும் வேற வைங்க, மத்ததுங்களுக்குத் தீனி போட்டு முடிச்சிட்டு கடைசியா இதுகிட்ட போங்க. சந்தையில வாங்கிட்டு வந்த புதுக் கோழியையும் ரெண்டு வாரம் இப்படித் தனியா வைக்கணும். கழுத்து திருகி காலை இழுத்துச்சுன்னா ராணிக்கெட்டா இருக்கலாம், அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது, வெத்தலை மஞ்சள் அரைச்சுக் குடுத்தாலும் அது கேக்காது, நல்லா இருக்கும்போதே கண்ணுல சொட்டு விடுற தடுப்பு மருந்துதான் வழி, அதையும் சில மாசத்துக்கு ஒரு தடவை திரும்பப் போடணும்.

ஒரே நாள்ல நாலஞ்சு செத்து, கொண்டை நீலமாகி முகம் வீங்கியிருந்தா பறவைக் காய்ச்சலா இருக்கலாம், 2006 மார்ச்சுல மண்டலே பக்கம் அது வந்துச்சு, மனுஷங்களுக்கும் தொத்தும். "சாகுறதுக்குள்ள அறுத்துடலாம்"னு யாராவது சொன்னா தயவுசெஞ்சு கேக்காதீங்க, விக்காதீங்க, பக்கத்து வீட்டுக்கும் குடுக்காதீங்க. புள்ளைங்களை அந்தப் பக்கம் விடாம கால்நடை ஆபீசுக்கு உடனே சொல்லுங்க, அவங்க புதைக்கச் சொன்னா வெறுங்கையில தொடாம, மூக்கு வாயை மூடிக்கிட்டு, ஆழமா குழி தோண்டி சுண்ணாம்பு போட்டு மூடுங்க, போட்டிருந்த செருப்பையும் சோப்புத் தண்ணியில கழுவிட்டு வீட்டுக்குள்ள வாங்க.