ஒரு கிளை மட்டும் வெள்ளையாகத் துளிர்க்கிறதா? செம்பருத்தியில் வண்ண இலையைத் தனிச் செடியாக்கும் முறை

பச்சைச் செம்பருத்தியில் திடீரென்று ஒரு கிளை மட்டும் வெள்ளையும் பச்சையும் கலந்து துளிர்க்கும். நோய் என்று நினைத்துப் பலர் அதை வெட்டிப் போட்டுவிடுகிறார்கள். தண்டையார்பேட்டையில் எங்கள் மொட்டை மாடியிலும் அப்படி ஒரு கிளை வந்தது. இன்று அது தனித் தொட்டியில் நிற்கிறது, புதிதாக வரும் இலைகளும் அதே நிறத்தில்தான் வருகின்றன. அதைப் பிரித்தெடுத்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். மண்கலவை, தொட்டி அளவு போன்றவை உங்களுக்கே தெரிந்திருக்கும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதலில் ஏன் இப்படி நடக்கிறது என்று பார்ப்போம். செடியின் வளரும் நுனியில் செல்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஏதோ ஓர் அடுக்கில் ஒரு செல்லின் மரபணு மாறி, அது பச்சையம் உண்டாக்கும் திறனை இழந்தால், அதிலிருந்து பிரியும் செல்கள் எல்லாம் வெள்ளையாகவே வரும். பக்கத்து அடுக்குகள் பச்சையாகவே தொடரும். இப்படி இரண்டு மரபணு வகைகள் ஒரே உடலில் சேர்ந்து வாழும் செடியைக் கைமேரா என்கிறார்கள். வெள்ளை ஓரம் கொண்ட ஜெரேனியம் செடிகளை வைத்து 1909-ல் இந்த அடுக்குக் கணக்கை விளக்கியவர் ஜெர்மனியின் எர்வின் பாவுர்.

படி 1: வெட்டாதீர்கள், அடையாளம் கட்டுங்கள்

கிளையின் அடியில் ஒரு கம்பளி நூலைத் தளர்வாகக் கட்டிவிட்டு இரண்டு மூன்று வாரம் கவனியுங்கள். இந்த இடைவெளியில் அது நோயா, தண்ணீர்க் கோளாறா, உண்மையான மரபணு மாற்றமா என்பது தெரிந்துவிடும்.

தேமல் நோய் என்றால் மஞ்சளும் பச்சையும் மங்கலாகக் கலந்திருக்கும், இலை சுருங்கும், மற்ற கிளைகளுக்கும் பரவும். இலையின் அடிப்பக்கத்தைப் புரட்டி வெள்ளை ஈ, மாவுப்பூச்சி இருக்கிறதா என்றும் பாருங்கள். கைமேராவில் வெள்ளைக்கும் பச்சைக்கும் நடுவே உள்ள கோடு கத்தரித்து ஒட்டியது போலத் தெளிவாக இருக்கும்.

வடசென்னைக்காரர்களுக்கு இன்னொரு சந்தேகமும் வரும்: போர் தண்ணீர். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறியது பழைய கதை, கடலோரப் பேட்டைகளிலும் பல வீடுகளில் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. உப்பு அதிகமானால் இலை ஓரம் கருகும். இரும்புச்சத்து ஏறாவிட்டால் இளம் இலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும், அதுவும் செடி முழுவதும். இந்த மூன்று வாரமும் மழைத் தண்ணீரோ ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரோ ஊற்றுங்கள். ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் தண்ணீர் வேண்டவே வேண்டாம், அதில் உப்பு இன்னும் அதிகம். புதுத் துளிர் பச்சைக்குத் திரும்பிவிட்டால் காரணம் தண்ணீர்தான், பிரித்தெடுக்க ஒன்றுமில்லை.

படி 2: சரியான மொட்டைக் கண்டுபிடிப்பது

வண்ணக் கிளை வெட்டி வைத்த பிறகு பச்சையாகிவிட்டது என்று சொல்பவர்களில் பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

புதிதாக மாறிய கிளையில் மாற்றம் பெரும்பாலும் தண்டின் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். செம்பருத்தி இலைகள் தண்டைச் சுற்றி மாறி மாறி வருவதால், ஒரு பக்கத்து இலை வெள்ளை கலந்தும் எதிர்ப்பக்கத்து இலை முழுப் பச்சையாகவும் இருக்கும். இலைக்காம்பும் தண்டும் சேரும் இடுக்கில் உள்ள மொட்டு, தண்டின் அந்தப் பக்கத்தில் என்ன செல் இருக்கிறதோ அதைக் கொண்டே வளரும். பச்சைப் பக்கத்து மொட்டு விழித்தால் பச்சைக் கிளை வரும். முழு வெள்ளைப் பக்கத்து மொட்டு விழித்தால் வெள்ளைக் கிளை வரும். தாய்ச் செடி ஊட்டும்வரை அது உயிரோடு இருக்கும், தனியாக வைத்தால் பச்சையம் இல்லாமல் பட்டினி கிடந்து சாகும்.

அதனால் பாதி வெள்ளை பாதி பச்சையாக இருக்கும் ஓர் இலையைத் தேடுங்கள். தண்டிலும் அந்த இடத்தில் வெளிர்க்கோடு ஓடினால் இன்னும் நல்லது. அந்த இலைக்குச் சற்று மேலே தண்டை வெட்டுங்கள். நுனி போனதும் அந்த மொட்டு விழிக்கும். வரும் புதுக்கிளையில் எல்லாப் பக்கத்து இலைகளிலும் வெள்ளை ஓரமும் பச்சை நடுவும் இருந்தால் மாற்றம் ஓர் அடுக்கு முழுவதும் சூழ்ந்துவிட்டது, அது இனி பெரும்பாலும் நிலைக்கும். இன்னும் ஒரு பக்கம் மட்டும்தான் வெள்ளை என்றால் அந்தக் கிளையிலும் இதையே திரும்பச் செய்யுங்கள். பொறுமை தேவைப்படும் வேலைதான், ஆனால் இதைத் தாண்டிக் குறுக்கு வழி கிடையாது.

படி 3: வெட்டுத்துண்டு வேண்டாம், விண்பதியம் போடுங்கள்

சாதாரணச் செம்பருத்தியின் குச்சியை நட்டாலே வேர்விடும். வண்ண இலைக் கிளையில் பச்சையம் குறைவு, உணவு தயாரிப்பதும் குறைவு. வெட்டி எடுத்தபின் வேர்விட அதற்குப் பல நேரம் தெம்பு போதாது. வேர் வரும்வரை தாய்ச் செடியோடு ஒட்டியே இருக்கட்டும். கிளையை வெட்டாமல் செடியிலேயே வேர்விட வைக்கும் இந்த முறைதான் விண்பதியம்.

கிளை பென்சில் தடிமனுக்கு வந்ததும், புதிய ஷேவிங் பிளேடால் 2 முதல் 3 சென்டிமீட்டர் அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, அடியில் உள்ள வழுவழுப்பையும் சுரண்டி எடுங்கள். கத்தரிக்கோல் பட்டையை நசுக்கிவிடும் என்பதால் இதற்கு பிளேடைத்தான் சொல்வேன். வளையத்தின் மேல் விளிம்பில் வேர்விடத் தூண்டும் பொடி தடவி, ஈரமான தென்னை நார்க்கழிவை வைத்து, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளால் சுற்றி இரு முனையையும் இறுக்கிக் கட்டுங்கள். நார்க்கழிவை மூன்று தடவையாவது நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். மலிவாகக் கிடைப்பதில் உப்பு நிறைய இருக்கும். நம் மாடி வெயிலுக்குப் பிளாஸ்டிக் உள்ளே வெந்துவிடும், மேலே செய்தித்தாள் சுற்றிக்கொள்ளுங்கள். வேர் வந்ததா என்று பார்க்கத் தாளை விலக்கினால் போதும்.

நான்கிலிருந்து ஆறு வாரத்தில் வேர் தெரியும். வெள்ளை வேர் நன்றாகப் பின்னிய பிறகு, வளையத்துக்குக் கீழே வெட்டித் தொட்டிக்கு மாற்றுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபர் நல்ல நேரம். அக்னி நட்சத்திரத்தில் இதைத் தொடங்கவே வேண்டாம்.

படி 4: பிறகு

காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வையுங்கள், உச்சி வெயிலில் வெள்ளைப் பகுதி முதலில் கருகும். எங்காவது முழுப் பச்சைத் துளிர் வந்தால் அன்றே அடியோடு கிள்ளுங்கள். பச்சைக் கிளைக்கு வளர்ச்சி வேகம் அதிகம், விட்டால் செடியையே மூடிவிடும்.

சேர்க்கை: பாம்புச் செடியின் மஞ்சள் ஓரம் ஏன் போகிறது?

இந்தப் பதிவைப் படித்த ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார். மஞ்சள் ஓரப் பாம்புச் செடியின் இலையை வெட்டி நட்டால் பச்சைக் குட்டிதான் வரும். காரணம் இதே அடுக்குக் கணக்குதான். இலைத் துண்டிலிருந்து புதிதாக உருவாகும் குருத்து உள்ளடுக்குச் செல்களிலிருந்து வருகிறது, ஓரத்து அடுக்கு அதில் சேர்வதில்லை. அடிக்கிழங்கோடு பிரித்து நட்டால் மஞ்சள் அப்படியே இருக்கும்.

விதையைப் பற்றியும் கேட்கிறார்கள். செம்பருத்தியில் அது வேண்டாம். விதைக்குள் போவது வெளியிலிருந்து இரண்டாம் அடுக்கு மட்டும்தான், அடுக்குகள் சேர்ந்து போவதில்லை, அதனால் வெள்ளை ஓரம் விதையில் திரும்பி வராது. அந்திமந்தாரை வேறு மாதிரி. வண்ண இலை உள்ள அந்திமந்தாரையை ஆராய்ந்து கார்ல் கோரன்ஸ் அதே 1909-ல் சொன்னது: பச்சைக் கிளைப் பூவின் விதை பச்சைச் செடி தரும், வெள்ளைக் கிளைப் பூவின் விதை வெள்ளை நாற்று தரும், வண்ணக் கிளைப் பூவின் விதையில் மூன்றும் வரும். மகரந்தம் எந்தக் கிளையிலிருந்து வந்தாலும் இது மாறாது, பச்சையத்துக்கான கணிகம் (செல்லுக்குள் பச்சையத்தை வைத்திருக்கும் சிறு உறுப்பு) தாயிடமிருந்தே வருகிறது. அந்திமந்தாரையில் வண்ண இலை கண்டால் அந்தக் கிளையின் விதையைத் தனியாகக் காகித உறையில் எடுத்துவைத்து, நிறையவே விதையுங்கள். வெள்ளை நாற்றுகள் விதையிலையோடு வாடிவிடும், மிச்சத்தில் தேடலாம்.