போக்கிமான் ரெட்: சிறுவயது நம்பிக்கைகளை ஆட்டத்திலேயே சோதித்துப் பார்க்கும் முறை

போக்கிமான் எனப்படும் கற்பனை உயிரினங்களைப் பந்து எறிந்து பிடித்து, பிற பயிற்சியாளர்களின் போக்கிமான்களோடு மோதவிடும் வீடியோ கேம் வரிசையின் முதல் ஆட்டங்களான ரெட், கிரீன் இரண்டும் 1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் கேம் பாய் கருவிக்காக வெளிவந்தன. ரெட், ப்ளூ என்னும் ஆங்கிலப் பதிப்புகள் 1998இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தன. அவற்றை ஆடிய பிள்ளைகளிடையே வாய்வழியாகப் பரவிய செய்திகள் ஏராளம்: பந்தை எறிந்ததும் பி பொத்தானை அழுத்திப் பிடித்தால் போக்கிமான் தப்பாது, துறைமுகத்தில் நிற்கும் லாரியின் அடியில் மியூ என்னும் அரிய போக்கிமான் ஒளிந்திருக்கிறது, நிரல் பிழையால் தோன்றும் மிசிங்நோவைப் பிடித்தால் ஆட்டம் அடங்கிய கேசட் பாழாகிவிடும். இவற்றை மொத்தமாகக் கட்டுக்கதை என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் அந்த ஆட்டத்தின் நிரலில் கட்டுக்கதைகளையும் விஞ்சும் பிழைகள் உண்மையாகவே இருப்பதால், எது பொய், எது பாதி மெய் என்பதை ஆட்டத்திடமே கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் முறை.

முதலில் கேசட்டைக் கவனிக்க வேண்டும். சேமித்த ஆட்டம் அதனுள் இருக்கும் சிறு மின்கலத்தின் தயவில்தான் உயிரோடிருக்கிறது. பழைய கேசட்டுகளில் அந்த மின்கலம் தீர்ந்திருக்கக்கூடும். ஒருமுறை சேமித்து, கருவியை அணைத்து, மறுநாள் திறந்து பார்த்த பிறகே நீண்ட சோதனை எதிலும் இறங்குங்கள். சேமிப்புக்கு ஒரே ஓர் இடம்தான் உண்டு என்பதால், ஒவ்வொரு சோதனைக்கும் முன்னர் சேமிப்பது, சோதனை முடிந்ததும் சேமிக்காமல் அணைத்துவிடுவது என்ற ஒழுங்கைக் கடைசிவரை விடக்கூடாது.

பி பொத்தான் நம்பிக்கையில் தொடங்குவோம். அது எளிதில் சோதிக்கத் தக்கது. பலர் இன்றும் கைவிடாததும் அதுவே. ரூட் 1இல் திரியும் ரட்டாட்டா என்னும் போக்கிமானைத் தேர்ந்தெடுங்கள். பிடிபடும் எளிமைக்கு ஆட்டம் தரும் உச்ச மதிப்பான 255 அதற்கு உண்டு. எனவே கணக்கில் குழப்பம் குறைவு. அதன் எச்பியை, அதாவது உயிர்ப்புள்ளிகளை, குறைக்காமல், சாதாரண போக்கே பந்தைப் பொத்தான் எதையும் அழுத்தாமல் 100 முறையும், பி பொத்தானை அழுத்திப் பிடித்தபடி 100 முறையும் எறிந்து, பிடிபட்ட எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிடிபட்டால் அணைத்துவிட்டுச் சேமித்த இடத்திலிருந்து மீண்டும் தொடங்கலாம். இரண்டு வரிசைகளிலும் மூன்றில் ஒரு பங்கோ அதற்குச் சற்று மேலோ வெற்றி கிடைக்கும். இரண்டுக்கும் இடையில் பத்துப் பன்னிரண்டு வேறுபாடு வந்தாலும் அது தற்செயல்தான். பத்துப் பத்து முறை மட்டும் எறிந்துவிட்டு முடிவு கட்டுபவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

காரணம் நிரலில் இருக்கிறது. பந்தை எறியும்படி கட்டளை கொடுத்த அக்கணமே, போக்கிமான் பிடிபடுமா, இல்லையென்றால் பந்து எத்தனை முறை ஆடிய பின் திறக்கும் என்ற கணக்கு முழுவதும் முடிந்துவிடுகிறது. அதன்பின் திரையில் ஓடுவது தீர்மானமான முடிவின் காட்சி மட்டுமே. பந்து ஆடும்போது நாம் எந்தப் பொத்தானை நசுக்கினாலும் அதைக் கேட்பதற்கு அங்கே யாருமில்லை. ஆனாலும் மூன்று முறைக்கு ஒருமுறை எப்படியும் பிடிபடுவதால், காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக அந்த வெற்றி பொத்தானின் கணக்கில் ஏறிவிட்டது.

உண்மையில் பலன் தரும் வித்தை வேறொன்று. இந்த முதல் ஆட்டத்தில், உறக்கமும் உறைதலும் பிடிக்கும் வாய்ப்பைப் பெரிதும் உயர்த்துகின்றன. மியூடூ என்னும் போக்கிமானின் பிடிபடும் மதிப்பு வெறும் 3. அதன் எச்பியை மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறக்கி, போக்கே பந்தைவிட வலிமையான அல்ட்ரா பந்தை எறிந்தால் வெற்றி வாய்ப்பு நூற்றுக்கு மூன்றுகூட இல்லை; அதே நிலையில் அதை உறங்க வைத்துவிட்டு எறிந்தால் ஏறத்தாழ நூற்றுக்கு 19. மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இன்னும் இறக்குவதால், ஒரே ஓர் எச்பி மிச்சம் வைப்பதால், இந்த ஆட்டத்தில் எந்தக் கூடுதல் பயனும் இல்லை என்பதையும் சேர்த்து அறிந்துகொள்ளுங்கள். அந்தப் படபடப்பெல்லாம் வீண்.

அடுத்தது லாரி. இது பொறுமை கேட்கும் சோதனை. வெர்மிலியன் சிட்டித் துறைமுகத்தில் நிற்கும் எஸ். எஸ். ஆன் கப்பலின் தலைவரிடமிருந்து கட் என்னும் உத்தியைப் பெற்றுக்கொண்டு நடந்து இறங்கினால், கப்பல் புறப்பட்டுப் போய்விடும். அதன்பின் அந்தத் துறைக்குள் நுழைய முடியாது. லாரியை அடைய, நீரில் செல்ல உதவும் சர்ஃப் உத்தி தேவை. அதுவோ கதையில் வெகுதூரம் சென்ற பிறகே கிடைக்கும். அதனால்தான் பெரும்பாலான பிள்ளைகள் லாரியைக் கண்ணால்கூடப் பார்க்காமல் வதந்தியை மட்டும் கடத்தினார்கள். வழி இதுதான்: கப்பலில் ஒரு பயிற்சியாளரையாவது மோதாமல் விட்டுவையுங்கள்; கட் கிடைத்த பிறகு, வலுவற்ற போக்கிமான்களை மட்டும் வைத்துக்கொண்டு அவரிடம் வேண்டுமென்றே தோற்றுவிடுங்கள். தோற்றவர் நடந்து இறங்காமல் நேரே போக்கிமான் மையத்துக்குக் கொண்டுபோகப்படுவதால் கப்பல் அங்கேயே நிற்கும். பிறகு கதையைத் தொடர்ந்து, சர்ஃப், பாறைகளைத் தள்ள உதவும் ஸ்ட்ரெங்த் இரண்டையும் அவற்றைப் பயன்படுத்த வேண்டிய பேட்ஜுகளையும் பெற்றுக்கொண்டு திரும்பி வாருங்கள். கப்பலுக்குள் மறுபடி ஏறாமல், துறையிலிருந்து வலப்பக்கம் நீந்தினால் சிறு திட்டொன்றில் லாரி நிற்பதைக் காணலாம்.

ஸ்ட்ரெங்த்தைப் பயன்படுத்தித் தள்ளிப் பாருங்கள்; அசையாது. குகைகளில் நாம் நகர்த்தும் பாறைகள் ஒவ்வொன்றும் நிரலில் தனிப்பொருளாக வைக்கப்பட்டவை. இந்த லாரியோ தரையையும் சுவரையும் போல வரைபடத்திலேயே வரையப்பட்ட ஓவியம். தள்ளுவதற்கு அங்கே பொருளே இல்லை. ஆட்டத்தை உருவாக்கியவர்களும் இந்த வதந்தியை மறக்கவில்லை போலும்: 2004இல் வந்த ஃபயர்ரெட், லீஃப்கிரீன் மறுபதிப்புகளில் அதே லாரியின் அருகே லாவா குக்கி ஒன்றை ஒளித்து வைத்தார்கள். தேடி வருபவர் வெறுங்கையோடு திரும்பக்கூடாது என்ற கரிசனம், அல்லது குறும்பு.

ஆனால் மியூ கேசட்டுக்குள் இருப்பது உண்மை. உருவாக்கம் முடியும் தறுவாயில், பிழைதேடும் கருவிகளை நீக்கியதால் மிச்சமான ஏறத்தாழ 300 பைட் இடத்தில் ஷிகேகி மோரிமோட்டோ என்னும் நிரலாளர் அதைச் சேர்த்தார். லாரியின்றி அதைப் பெறும் வழி 2003 வாக்கில் பரவலாகத் தெரியவந்தது; இன்றும் செய்து பார்க்கலாம். கடைசியாகக் குணப்படுத்திக்கொண்ட மையத்துக்கு நொடியில் திரும்ப வைக்கும் டெலிபோர்ட் உத்தி தெரிந்த ஆப்ரா என்னும் போக்கிமான் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, செருலியன் சிட்டியின் போக்கிமான் மையத்தில் குணப்படுத்திக்கொள்ளுங்கள். நக்கெட் பிரிட்ஜைத் தாண்டிப் புல்வெளி ஓரத்தில் நிற்கும் பயிற்சியாளரும், ரூட் 25இல் ஸ்லோபோக் என்னும் போக்கிமானை வைத்திருக்கும் சிறுவனும் இதுவரை உங்களோடு மோதாதவர்களாக இருக்க வேண்டும். முதலாமவர் திரையின் விளிம்பில் தென்படும்படி அடி எடுத்து வைத்து, அந்தக் கணத்திலேயே ஸ்டார்ட் பொத்தானை அழுத்துங்கள். பட்டியல் திறந்ததும் டெலிபோர்ட் செய்துவிடுங்கள். அவர் உங்களைக் கண்டுகொள்வார், ஆனால் நீங்கள் செருலியனில் இருப்பீர்கள். பிறகு ரூட் 25க்குச் சென்று, ஸ்லோபோக் சிறுவன் சில அடிகளாவது நடந்து வந்து மோதும்படி தள்ளி நின்று, அவனை வெல்லுங்கள். மீண்டும் டெலிபோர்ட் செய்து, பாலத்தை நோக்கி நடந்தால் பட்டியல் தானாகத் திறக்கும். பி பொத்தானால் அதை மூடினால் 7ஆம் நிலை மியூ எதிரே நிற்கும். கடைசியாக மோதிய ஸ்லோபோக்கின் ஸ்பெஷல் என்னும் திறன் மதிப்பு 21. ஆட்டத்தின் உள்பட்டியலில் 21ஆம் எண் மியூவுடையது. பாதியில் அறுந்த சந்திப்பை முடிக்க முயலும் ஆட்டம், எதிராளியின் எண்ணாக அந்த 21ஐ எடுத்துக்கொள்கிறது. இதில் பி பொத்தானுக்கும் ஒரு வேலை கிடைத்துவிட்டது!

மிசிங்நோவின் மீதுள்ள பழிதான் அளவுக்கு மீறியது என்பது என் எண்ணம். சோதிக்க விரும்புபவர் விரிடியன் சிட்டி முதியவரிடம் பேசி, அவர் போக்கிமான் ஒன்றைப் பிடித்துக் காட்டுவதைப் பார்த்துவிட்டு, நேராக சின்னபார் தீவுக்குப் பறந்து, கிழக்குக் கரையை ஒட்டி மேலும் கீழும் நீந்த வேண்டும். முதியவர் செய்துகாட்டும் நேரத்தில் உங்கள் பெயர், புல்வெளிப் போக்கிமான்களின் பட்டியலுக்கான இடத்தில் தற்காலிகமாக வைக்கப்படுகிறது. அந்தக் கரைக்கு எனத் தனிப்பட்டியல் இல்லாததால் உங்கள் பெயரின் எழுத்துகளே போக்கிமான் எண்களாகப் படிக்கப்படுகின்றன. எனவே யாருக்கு என்ன தோன்றும் என்பது பெயரைப் பொறுத்தது. மிசிங்நோவைக் கண்டதும் போக்கிடெக்ஸ் என்னும் போக்கிமான் பதிவேட்டில் இல்லாத 0ஆம் எண்ணைக் ‘கண்டது’ என்று குறிக்க ஆட்டம் முயல, அந்தக் குறி பையின் ஆறாவது பொருளின் எண்ணிக்கையில் விழுந்து 128 கூடிவிடுகிறது. போக்கிமானின் நிலையை உயர்த்தும் அரிய மிட்டாய்களைப் பெருக்கிய வித்தை இதுதான். அதன் உருவத்தை விரிக்கும்போது நினைவகம் இடம் மீறி எழுதப்படுவதால் ஆட்டத்தை வென்ற அணிகளைக் குறித்து வைக்கும் ஹால் ஆஃப் ஃபேம் பதிவுகள் சிதைவது மெய். வெறும் சந்திப்பினால் கேசட் பாழாகாது. பார்த்துவிட்டு ஓடிவிடுங்கள்.

சில நம்பிக்கைகளை ஆட்டத்தில் சோதிக்க வழியில்லை. ஆட்டத்தில் வரும் லாவெண்டர் டவுன் என்னும் ஊரின் இசை ஜப்பானியப் பிள்ளைகளைப் பலி கொண்டது என்பது ஆட்டம் வந்து பல ஆண்டுகள் கழித்து இணையத்தில் கண், காது, மூக்கு வைத்துப் பரப்பப்பட்ட கதை. 1997 டிசம்பர் 16 அன்று தொலைக்காட்சித் தொடரின் ஓர் அத்தியாயத்தில் சிவப்பும் நீலமும் வேகமாக மின்னியதால் 685 பிள்ளைகள் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டது மட்டும் நடந்த செய்தி. அதற்கும் ஆட்டத்தின் இசைக்கும் தொடர்பில்லை. தொலைக்காட்சியிலிருந்து வந்த இன்னொரு நம்பிக்கை, பிக்காச்சு ஒருபோதும் பரிணமிக்காது என்பது. ரெட் ஆட்டத்தில் தண்டர் ஸ்டோனைக் கொடுத்தால் அரை நிமிடத்தில் தெளிவாகிவிடும்; மறுப்பது யெல்லோ ஆட்டத்தின் தொடக்கப் பிக்காச்சு மட்டுமே.

கடைசியாக, பிள்ளைகள் சரியாக அறிந்திருந்தும் ஆட்டம் அவர்களைப் பொய்யராக்கிய ஒன்று. சைக்கிக் வகையை கோஸ்ட் வகை வீழ்த்தும் என்றே தொடரைப் பார்த்தவர்கள் நம்பினார்கள். பேய்களை அடையாளம் காட்டும் சில்ஃப் ஸ்கோப் கருவியைப் பெற்ற பின் போக்கிமான் டவரில் கோஸ்ட் வகையைச் சேர்ந்த ஒரு காஸ்ட்லியைப் பிடித்து, ரூட் 11இல் திரியும் சைக்கிக் வகை ட்ரவுசியின் மீது லிக் என்னும் கோஸ்ட் வகை உத்தியை ஏவிப் பாருங்கள். பாதிப்பே இல்லை என்று திரை சொல்லும். வகைப்பட்டியலில் நேர்ந்த பிழை அது. நைட் ஷேட் என்னும் உத்தி மட்டும் வேலை செய்யும், ஏனெனில் அது வகையைப் பாராமல் காஸ்ட்லியின் நிலைக்குச் சமமான சேதத்தைத் தருகிறது. கோல்ட், சில்வர் ஆட்டங்களில் பிழை திருத்தப்பட்டுவிட்டது. அங்கே அதே லிக் ட்ரவுசிக்கு இரட்டிப்புச் சேதம் தரும்.