சேமிப்பகப் பூலில் (storage pool) வட்டு சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல வட்டுகளை ஒரே பூலாக்கி, கோப்பு முறைமைகள் வேண்டும்போது வேண்டிய இடத்தை அதிலிருந்து எடுத்துக்கொள்ளும் முறையைப் பரவலாக்கியது, 2005-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வெளியிட்ட இசட்எஃப்எஸ் (ZFS) என்ற கோப்பு முறைமை. இதில் பூலின் பாதுகாப்பை வட்டுகளின் எண்ணிக்கை தீர்மானிப்பதில்லை. 'விடெவ்' (vdev) எனப்படும் வட்டுத் தொகுதிகள்தாம் தீர்மானிக்கின்றன. தரவு எல்லா விடெவ்களிலும் பரவி எழுதப்படுவதால், அவற்றுள் ஒன்று முழுமையாக அழிந்தாலும் பூலே அழிந்துவிடும்.

இதை மறப்பவர்கள் செய்யும் தவறுதான் மிகக் கொடியது. ஒரே தரவின் பிரதியை ஒவ்வொரு வட்டிலும் வைக்கும் விடெவ்தான் மிரர். இரண்டு வட்டுகள் கொண்ட மிரரில் மூன்றாவதாக ஒரு பிரதி வேண்டுமென்றால் 'அட்டாச்' கட்டளையைத் தர வேண்டும். 'ஆட்' என்று தந்தால், புதிய வட்டு பிரதியே இல்லாத தனி விடெவ்வாகப் பூலில் அமர்ந்துவிடும். பாதுகாப்பு நிலை பொருந்தவில்லை என்று கருவி எச்சரித்து மறுக்கத்தான் செய்கிறது, ஆனால் மீறுவதற்கான '-f' ஆப்ஷனையும் அதே செய்தியில் சொல்லிவிடுவதால், பலரும் படிக்காமலே அதைச் சேர்த்து அடித்துவிடுகிறார்கள். பிறகு 'ஸ்டேட்டஸ்' கேட்டால், புதிய வட்டின் பெயர் 'மிரர்-0' என்ற வரிக்கு உள்ளே தள்ளி நிற்காமல், அதற்கு இணையான ஓரத்தில் நிற்கும். மிரர்கள் மட்டுமே உள்ள பூலில் அதைப் பெரும்பாலும் 'ரிமூவ்' செய்துவிடலாம். ரெய்டு-இசட் (முழுப் பிரதிக்குப் பதில், இழந்த தரவை மீட்க உதவும் கூடுதல் தகவலை வட்டுகளில் பரப்பி வைக்கும் வகை) விடெவ் இருக்கும் பூலில் அதற்கு வழியில்லை. அந்த ஒற்றை வட்டோடு இன்னொன்றை அட்டாச் செய்து மிரராக்குவதே மிச்சம். முதலிலேயே '-n' ஆப்ஷனோடு 'ஆட்' தந்தால், எதையும் மாற்றாமல் வரப்போகும் அமைப்பை மட்டும் காட்டும். அதைப் பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது.

வட்டு ஒரே தடவையில் படித்து எழுதும் துண்டான செக்டரின் அளவைக் குறிக்கும் 'ஆஷிஃப்ட்' மதிப்பையும் விடெவ் உருவான பிறகு மாற்ற முடியாது. 4096 பைட் செக்டர் கொண்ட சில வட்டுகள் தம்மை 512 என்று சொல்லிக்கொள்வதால், 12 என்று (2-இன் 12-ஆம் அடுக்கு 4096) நாமே குறிப்பிடுவது நல்லது.

கோப்புகளை அழித்தும் இடம் கூடவில்லை என்ற குழப்பத்துக்குப் பெரும்பாலும், அழித்த தரவையும் பிடித்து வைத்திருக்கும் பழைய ஸ்னாப்ஷாட்களே (ஒரு நேரத்து நிலையின் பதிவுகளே) காரணம்.

லினக்ஸில் வட்டு இடத்தை வால்யூம்களாகப் பிரித்துத் தரும் எல்விஎம் (LVM) கருவியின் தின் பூலில் ஆபத்து வேறு வகையானது. தின் வால்யூம்களுக்கு வாக்களித்த மொத்த அளவு பூலின் உண்மையான இடத்தை மிஞ்சலாம் என்பதால், கோப்பு முறைமையின் காலியிடத்தைக் காட்டும் 'டிஎஃப்' (df) கட்டளை தாராளமாக இடம் காட்டும்போதே பூல் நிரம்பி, தரவை எழுதும் முயற்சிகள் தோற்கக்கூடும். ஆகவே வால்யூம்களைப் பட்டியலிடும் 'எல்விஎஸ்' (lvs) கட்டளை காட்டும் டேட்டா, மெட்டாடேட்டா சதவீதங்கள் இரண்டையும் கவனிக்க வேண்டும். தானாக விரியும் வசதியை நம்புகிறவர்கள் பூல் எத்தனை சதவீதம் நிரம்பியதும் விரிய வேண்டும் என்ற அதன் வரம்பு இயல்பாக 100 என்றிருப்பதைப் பார்ப்பதில்லை. 100 என்றால் அந்த வசதி அணைந்திருக்கிறது என்று பொருள்.