2050ல பங்களாதேஷ் பொண்ணுங்க எதுவரைக்கும் படிச்சிருப்பாங்க? கணக்கு போடறது இப்படித்தான்

நாலு சர்வே நம்பரை எக்செல்ல போட்டு, ஒரு கோடு வரைஞ்சு, அதை அப்படியே 2050 வரைக்கும் இழுத்துவிட்டு ப்ரொஜெக்ஷன்னு சொல்றவங்க நிறைய பேர். நானும் முதல்ல அதைத்தான் பண்ணேன், கோடு பாட்டுக்கு 100 சதவீதத்தை தாண்டி மேல போயிட்டே இருந்துச்சு. நூறு பொண்ணுல நூத்தி சொச்சம் பேர் பத்தாவது பாஸாம்!

படிப்பு கணக்குல ஒரு வசதி இருக்கு. பத்தாவது முடிச்சது முடிச்சதுதான், வயசானா அது குறையாது, 25க்கு மேல பெருசா கூடறதும் இல்ல. 2025ல 15 வயசு பொண்ணுக்கு 2050ல 40 வயசு, அவ எதுவரைக்கும் படிப்பாங்கறது அடுத்த சில வருஷத்துல முடிவாகிடும், அப்புறம் அவளை அப்படியே தூக்கி 40 வயசு கட்டத்துல வைக்க வேண்டியதுதான். அதனால வருஷத்தை பின்தொடராதீங்க, பொண்ணுங்களை பின்தொடருங்க. அஞ்சு அஞ்சு வயசா குரூப் பிரிச்சு, அஞ்சு வருஷத்துக்கு ஒருதடவை எல்லாரையும் ஒரு படி மேல ஏத்திட்டே போங்க.

டேட்டாவுக்கு டிஎச்எஸ் (வீடு வீடா போய் மக்கள்தொகை, உடல்நலம் பத்தி கேக்கற சர்வே) போதும், பங்களாதேஷ்ல 1993-94ல இருந்து 2022 வரைக்கும் ஒன்பது ரவுண்டு நடந்திருக்கு. இங்கதான் நான் பெரிய பள்ளத்துல விழுந்தேன், தயவுசெஞ்சு நீங்க விழாதீங்க: அங்க தனிப்பட்ட பெண்கள் ஃபைல்ல இருக்கறது கல்யாணம் ஆனவங்க மட்டும்தான். 15-19 வயசுல அந்த ஃபைலை எடுத்தா ஸ்கூலுக்கு போயிட்டு இருக்கற பொண்ணுங்க பாதிப்பேர் காணாம போயிருப்பாங்க, படிப்பை விட்டுட்டு கல்யாணம் பண்ணவங்களா பாத்து நிக்கும், ரெண்டு வாரம் அந்த நம்பரை வெச்சுக்கிட்டு "ஏன் இவ்ளோ மோசமா இருக்கு"ன்னு தலையை பிச்சுக்கிட்டேன். நமக்கு வேண்டியது வீட்டு உறுப்பினர்கள் ஃபைல், வீட்ல இருக்கற எல்லாரோட படிப்பும் அதுலதான் இருக்கும். ஃபைல் கைக்கு கிடைக்கலைன்னாலும் பரவால்ல, ரிப்போர்ட்லயே வயசுவாரியா பெண்கள் படிப்பு டேபிள் போட்டிருப்பாங்க.

அடுத்தது, 15-19 வயசு பொண்ணோட இன்னிக்கு படிப்பை இறுதி படிப்புன்னு எடுக்காதீங்க. 16 வயசுல ஒன்பதாவது முடிச்சவ நின்னுட்டாளா படிச்சிட்டு இருக்காளான்னு தெரியாது. டீனேஜ் பொண்ணுங்களை பத்தின கணக்கா இருந்தாலும் ரேட்டை (எத்தனை சதவீதம் பேர் முடிக்கறாங்கங்கறதை) 20-24 வயசுக்காரங்ககிட்ட இருந்துதான் எடுக்கணும்.

இப்போ வாசல் கணக்கு, ஒரு படிப்பு கட்டத்தை முடிச்சு தாண்டறதைத்தான் வாசல்ங்கறேன். அங்க அஞ்சாவது வரைக்கும் பிரைமரி, ஆறுல இருந்து பத்து வரைக்கும் செகண்டரி, பத்தாவது முடிவுல எஸ்எஸ்சிங்கற பொதுப் பரிட்சை, பன்னெண்டுல எச்எஸ்சி. யுனெஸ்கோ டேபிள்ல அப்பர் செகண்டரின்னா பன்னெண்டாவது வரைக்கும் போகும், அதனால "செகண்டரி முடிச்சவங்க"ன்னு எங்க பாத்தாலும் பத்தா பன்னெண்டான்னு கேட்டுட்டு மேல போங்க. மொத்த சதவீதத்தை ஒரே வீச்சுல ப்ரொஜெக்ட் பண்ணாம ஒவ்வொரு வாசலையும் தனியா பாருங்க. சும்மா உதாரணத்துக்கு: 100 பேர்ல 90 பேர் அஞ்சாவது முடிச்சாங்க, அதுல 80 சதவீதம் பத்தாவதை தாண்டினா 72, அதுல 60 சதவீதம் பன்னெண்டை தாண்டினா 43.

ஏன் இவ்ளோ மெனக்கெடணும்னா ஒவ்வொரு வாசல்லயும் நடக்கறது வேற. 1994ல அரசாங்கம் கிராமத்து பொண்ணுங்களுக்கு நாடு முழுக்க ஸ்டைபண்ட் கொடுக்க ஆரம்பிச்சுது, 75 சதவீதம் அட்டெண்டன்ஸ், 45 சதவீதம் மார்க், எஸ்எஸ்சி வரைக்கும் கல்யாணம் பண்ணக்கூடாதுன்னு மூணு கண்டிஷன். ஆறுல இருந்து பத்து வரைக்கும் உள்ள வாசலை தள்ளித் திறந்த காசு அது, பன்னெண்டாவது கதையை அதை வெச்சு சொல்ல முடியாது.

ஒவ்வொரு வாசலோட ரேட்டையும் நேர்கோட்ல ஏத்தாதீங்க, லாஜிட்டுக்கு (முடிச்சவங்க பங்கை முடிக்காதவங்க பங்கால வகுத்து எடுக்கற லாக்) மாத்தி அங்க கோடு போட்டு, திரும்ப சதவீதமா மாத்துங்க. எக்செல்ல ஒரே ஒரு லாக் ஃபார்முலாதான், பயப்படாதீங்க. லாஜிட்ல ஒவ்வொரு படியா ஏறினா 50, 73, 88, 95னு போகும், நூறை தொடவே தொடாது. கடைசி சில பேரை ஸ்கூலுக்கு கொண்டு வர்றது எவ்ளோ கஷ்டம்னு அந்த நம்பர்லயே தெரியும்.

கோவிட்டை கையாலதான் போடணும். ஸ்கூல் எல்லாம் 2020 மார்ச் 17ல மூடி 2021 செப்டம்பர் 12லதான் திறந்தாங்க. அப்போ 11-15 வயசுல இருந்தவங்க 2022 சர்வேல 13-17, நாம பாக்கற 20-24ல அவங்க இல்லவே இல்ல, அந்த அடி ரேட்ல தெரியாது. ஆனா 2020 எச்எஸ்சி பரிட்சையை கேன்சல் பண்ணி பழைய மார்க்கை வெச்சு எல்லாரையும் பாஸ் போட்டாங்க, அந்த பேட்ச் மட்டும் 20-24க்குள்ள உக்காந்திருக்கு. ஆக கடைசி வாசல்ல 2022 நம்பர் கொஞ்சம் ஊதிப்போய் இருக்கும், அதையே டிரெண்டுன்னு நம்பி 2050க்கு இழுத்தா அவ்ளோதான்.

சர்வேயை மாத்தி மாத்தி கோடு போடறதும் ஆபத்து, கல்யாண நம்பரை வெச்சு உதாரணம் சொல்றேன். 20-24 வயசு பெண்கள்ல 18க்கு முன்னாடி கல்யாணம் ஆனவங்க டிஎச்எஸ் 2017-18ல 59 சதவீதம், மிக்ஸ்ங்கற இன்னொரு சர்வேல 2019ல 51. ஒன்றரை வருஷத்துல எட்டு பாயிண்ட்டா? சான்ஸே இல்ல, கேள்வியும் சாம்பிளும் வேற. அதே டிஎச்எஸ் 2022ல 50, அதை 59கூட வெச்சு பாருங்க, 51கூட இல்ல.

இதெல்லாம் முடிச்சதும் மூணு ஓட்டம் ஓட்டுங்க. ரேட் இன்னிக்கு மாதிரியே நின்னா, இப்போ போற வேகத்துல போனா, வேகமா ஏறினா. வியன்னாவுல இருக்கற விட்கென்ஸ்டைன் சென்டரும் கிட்டத்தட்ட இப்படித்தான் 2100 வரைக்கும் நாடுவாரியா போட்டு வெச்சிருக்காங்க, உங்க நம்பரை அது பக்கத்துல வெச்சு பாருங்க, ரொம்ப விலகினா பெரும்பாலும் தப்பு நம்ம பக்கம்தான். தலை எண்ணிக்கைக்கு ஐநா மக்கள்தொகை கணிப்புல பெண்கள் வயசு கட்டத்தை எடுத்து பெருக்கிக்கோங்க.

யார்கிட்டயும் காட்டறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட். 2007 சர்வேல 20-24ல இருந்தவங்க 2022ல 35-39, ரெண்டுலயும் பத்தாவது முடிச்சவங்க பங்கு கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கணும். இல்லைன்னா வயசை ரவுண்டா சொல்லியிருக்காங்களா, வெளிநாடு போயிட்டாங்களா, இல்ல பத்து-பன்னெண்டு குழப்பமான்னு தேடுங்க. அப்புறம் 2007ல நிக்கற மாதிரி நினைச்சு, அதுக்கு பின்னாடி வந்த டேட்டாவை மறைச்சுட்டு 2022க்கு ப்ரொஜெக்ட் பண்ணி உண்மை நம்பரோட ஒப்பிடுங்க. எனக்கு முதல் தடவை வந்த விடை கேவலமா இருந்துச்சு, அந்த விலகல் எவ்ளோங்கறதைத்தான் 2050 நம்பர் பக்கத்துல இப்பவும் எழுதி வெச்சிருக்கேன்.