அம்மாவுக்குப் புதுப் போன் மாற்றிக் கொடுக்கும்போது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். சம்பளம் போட்ட மறுவாரம் யாராவது தோட்டத்திலிருந்து அம்மாவைக் கூட்டி வந்து, "அண்ணே, பழசுல இருக்கிறதெல்லாம் இதுக்கு மாத்திக் கொடுங்க" என்பார்கள். முன்பெல்லாம் 'எல்லாம்' என்றால் ஐம்பது நம்பர். இப்போது பணப்பையும் வங்கிப் புத்தகமும் அதற்குள்தான்.

வாங்கும்போதே 4ஜியில் பேசும் வசதி, அதாவது வோல்டி, இருக்கிறதா என்று கேளுங்கள். 3ஜியை 2021 கடைசியில் நிறுத்திவிட்டார்கள். வோல்டி இல்லாத போனில் பேச்சு 2ஜிக்கு இறங்கிவிடும்.

பழைய போனை உடனே அழிக்க வேண்டாம். ஒருமுறை நான் அவசரப்பட்டு அழித்து, ஓர் அக்காவை வங்கிக் கவுண்டர் வரை அலைய வைத்தேன். 2022இல் மத்திய வங்கியான பேங்க் நெகாரா சொன்னபடி, வங்கிகள் எஸ்.எம்.எஸ்.ஸில் வரும் ஒப்புதல் எண்ணைக் கைவிட்டு, ஒரு போனை மட்டுமே ஒப்புதலுக்கு ஏற்கும் முறைக்கு மாறின. புதுப் போனைப் பதிந்தாலும் சில மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதனால் தீபாவளிச் சாமான் வாங்கப் போகிற அன்று காலையில் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

அப்புறம், விரல் ரேகை. கடையில் அதிக நேரம் போவது இதற்குத்தான். முப்பது வருடம் ரப்பர் மரம் சீவிய கையில் ரேகை தேய்ந்திருக்கும். போன் "மீண்டும் முயலவும்" என்றே சொல்லிக்கொண்டிருக்கும். அந்த அம்மா தன் விரலைத்தான் குறை சொல்வார். கையைக் கழுவித் துடைத்து, துளி தேங்காய் எண்ணெய் தடவி, அதையும் நன்றாகத் துடைத்துவிடுங்கள். கத்தி பிடிக்காத கையின் மோதிர விரலை வையுங்கள். ஒரே விரலை இரண்டு தடவை பதிந்தால் இன்னும் நல்லது. அதற்கும் மசியவில்லையா, ஆறு இலக்க எண் போதும். பிறந்த தேதி மட்டும் வேண்டாம், அது ஐ.சி.யிலேயே, அதாவது அடையாள அட்டையிலேயே, இருக்கிறது.

கடைசியாக, செட்டிங்ஸில் வாட்ஸ்அப் வழியாக ஆப் ஏற்றும் அனுமதியை மூடுங்கள். கல்யாணப் பத்திரிகை என்று வரும் கோப்பின் பெயர் '.apk' (ஏபிகே) என்று முடிந்தால் அது பத்திரிகை இல்லை, பணத்தைச் சுருட்டும் ஆப். தெரியாமல் அழுத்திப் பணம் போனால் உடனே தேசிய மோசடி உதவி மையத்தின் 997க்குக் கூப்பிடச் சொல்லுங்கள். அந்த எண்ணைப் போனுக்குள் சேமித்தால் மட்டும் போதாது. நான் தாளில் பெரிதாக எழுதி, சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டச் சொல்வேன்.