அடக்கத்துக்குப் போன ஊரில் நிலக்காட்சி எடுப்பது: கடலூர்ப் பக்கத்துக்கான செய்முறை

வெளிநாட்டிலிருந்து வர முடியாமல் போனவர்கள் பிறகு கேட்பது இதைத்தான்: "எங்க வச்சீங்க? அந்த எடம் எப்படி இருக்கு?" அதற்குப் பதிலாக நாலைந்து படம் போதும்.

அடக்கம் முடியும்வரை கேமரா பைக்குள்ளேயே இருக்கட்டும். பால் தெளித்த பிறகு, பங்காளிகளில் மூத்தவரிடம் "எடத்தை மட்டும் எடுத்துக்கறேன் பெரியப்பா, ஆளுங்க வரமாட்டாங்க" என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஃபிளாஷ், ஷட்டர் ஒலி இரண்டையும் அணைத்துவிடுங்கள்.

முதல் படம் அடக்கம் செய்த இடம். கிட்டே போய் மாலையைப் படம் எடுக்காதீர்கள். மண்மேடு ஐப்பசி, கார்த்திகை மழையில் தணிந்துவிடும். அடுத்த வருஷம் வருபவருக்கு இடம் தெரியாது. அதனால் பதினைந்து அடி பின்னால் வந்து, ஒற்றைப் பனை, மதகு, பம்புசெட் கொட்டகை என்று அசையாத இரண்டு அடையாளங்கள் படத்துக்குள் வரும்படி நில்லுங்கள். போனில் 1x போதும். 0.5x-இல் மேடு புள்ளியாகிவிடும், ஓரத்துப் பனை சாய்ந்து தெரியும்.

அடுத்து கடல். கடலூரின் தேவனாம்பட்டினம் கடற்கரையில் சூரியன் கடலிலிருந்து எழும், 6 மணியையொட்டி. அரை மணி முன்பே போய்விடுங்கள். முக்கால்வாசிப் பேர் சறுக்குவது இங்கேதான்: ஏசி அறையிலிருந்து நேராகக் கடற்கரைக்குப் போனால் லென்ஸ் முழுக்க ஆவி படியும். துடைத்தாலும் மறுபடி படியும், ஏனென்றால் கண்ணாடி இன்னும் குளிர்ந்தே இருக்கிறது. அறையிலேயே கேமராவை ஜிப் கவரில் போட்டு மூடி, வெளியே வந்து 20 முதல் 30 நிமிடம் கழித்துத் திறங்கள். கவருக்கு வெளியே ஈரம் கோத்திருக்கும், லென்ஸ் தப்பித்துவிடும். போனைச் சட்டைப் பையில் உடம்போடு வைத்திருந்தாலே போதும்.

கேமராவில் எஃப்/8 (லென்ஸ் துளையின் அளவு), ஐஎஸ்ஓ 100 (ஒளியுணர்வு) என்று தொடங்குங்கள். ஷட்டர் வேகம் 1/125 நொடியைவிட மெதுவானால் ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள். போனில் வானத்தை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்குங்கள். கிரிட் கோட்டைப் போட்டுக்கொள்ளுங்கள்; கடல் கோடு சாய்ந்தால் படமே கெட்டது. சூரியன் ஏறியதும் அதற்கு முதுகு காட்டித் திரும்பினால் படகும் சவுக்கும் பொன்னிறமாக நிற்கும். காற்றடித்தால் எச்டிஆரை (பல படங்களை ஒன்றாகச் சேர்க்கும் வசதி) அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கிளைகள் இரட்டையாக விழும். ஆற்று முகத்துவாரத்தில் மணல் விளிம்பில் நிற்க வேண்டாம், சரியும்.

லென்ஸில் மணல் ஒட்டினால் முதலில் ஊதுகுமிழால் ஊதுங்கள், அப்புறம் துணி. கடற்கரையில் லென்ஸ் மாற்றவே கூடாது.

பின்சேர்க்கை: வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, தூரத்து மதகு தெரியாமல் போகிறது. டாகுமென்டாக அனுப்புங்கள். கேமராவில் இருப்பிடப் பதிவு இயங்கியிருந்தால், அப்படி அனுப்பும்போது இருப்பிடக் குறிப்பும் படத்தோடு போகலாம். குடும்பத்துக்கு அது நல்லதுதான், இடத்தை மேப்பில் பார்த்துக்கொள்வார்கள். ஸ்டேட்டஸில் மட்டும், கருமாதி முடியும்வரை, எதையும் போடாதீர்கள்.