பதிவேட்டில் தெரியும் மனச்சோர்வு: கல்லூரி டியூட்டர்களுக்கு

திங்கட்கிழமை முதல் பீரியட் ஒரு பிள்ளைக்குத் தொடர்ந்து விடுபடுகிறதா? அம்பாசமுத்திரத்திலிருந்தோ நாங்குநேரியிலிருந்தோ திருநெல்வேலிக்கு வருகிறவர் என்றால் ‘பஸ் லேட்’ என்று விட்டுவிடாதீர்கள். அதே பஸ்ஸில் வரும் மற்றவர்கள் நேரத்துக்கு வந்திருந்தால், அன்றைக்கே கூப்பிட்டுப் பேச வேண்டும்.

மாணவர் நலனைக் கவனிக்கும் ஆசிரியர்தான் டியூட்டர்; ஒருவருக்கு 20 பேர் போதும். 60 பேரை ஒப்படைத்தால் கையெழுத்து வாங்கவே நேரம் சரியாகிவிடும். இன்டர்னல் மார்க் போடுகிறவரையே டியூட்டராக்கினால், பயத்தில் எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது.

ஸ்டாஃப் ரூமில் வைத்துப் பேசாதீர்கள். பேச்சு வெளியே கேட்காத அறை, கால் மணி நேரம். “ஏன் வரல?” என்று தொடங்காமல், “ராத்திரி தூக்கம் வருதா? சாப்பாடு இறங்குதா?” என்று கேளுங்கள். “வீட்ல எவ்வளவு கஷ்டப்பட்டுப் படிக்க வைக்காவ” என்று மட்டும் சொல்லவே கூடாது. அந்தக் குற்ற உணர்விலேயே பாதிப் பிள்ளைகள் வதங்குகிறார்கள்.

சந்தேகம் வந்தால் நேராகக் கேளுங்கள்: “செத்துப்போகலாம்னு தோணுதா?” கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது; சொல்ல ஆள் கிடைத்த ஆறுதல்தான் வரும். ‘ஆமாம்’ என்றால் நொடியும் தனியே விடக் கூடாது. 14416 என்பது டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண்; 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். ஆபத்து உடனடியானது என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்கு ஒருவர் கூடவே போக வேண்டும். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று தயங்க வேண்டாம்: 2017 மனநலச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்கிறது, மாறாக நிரூபிக்கப்பட்டாலன்றி தண்டனை இல்லை.

வீட்டுக்குப் போன் போடுமுன், யாரிடம் சொல்லலாம் என்று பிள்ளையிடமே கேளுங்கள். சாதி மாறிய காதல்தான் சிக்கல் என்றால், அப்பாவுக்குப் போகும் ஒரு அழைப்பே உயிருக்கு உலை வைக்கும். அத்தையோ சித்தியோ இருக்கலாம். விவசாய வீடு என்றால் பூச்சிமருந்தைப் பூட்டி வைத்துச் சாவியை அவர்களே வைத்துக்கொள்ளும்படி வீட்டாரிடம் சொல்லுங்கள்.

ஆசிரியர்களின் பாடு யார் கண்ணிலும் படுவதில்லை. அடுத்த ஆண்டு வேலை உண்டா என்று தெரியாத கௌரவ விரிவுரையாளர், துறைத்தலைவரிடம் போய்த் தன் கலக்கத்தைச் சொல்வாரா? அவர்களுக்கு வெளியிலிருந்து வரும் கவுன்சிலர் வேண்டும். கவுன்சிலரிடம் போன ஆசிரியரின் பெயர் நிர்வாகத்துக்குப் போகக் கூடாது. மாணவர்களுக்கென்றால், 100 பேரோ அதற்கு மேலோ படிக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நிர்வாகத்திடம் இதைக் காட்டிக் கேளுங்கள்.

14416 எண்ணை நோட்டீஸ் போர்டில் மட்டும் ஒட்டினால் போதாது. நாலு பேர் பார்க்க யாரும் குறித்துக்கொள்ள மாட்டார்கள். ஹாஸ்டல் கழிவறைக் கதவுகளின் உள்பக்கமும் ஒட்டுங்கள்.